ட்ராமா சென்டர் ஆபரேஷன் கேம்கள்: புதுசா ஆரம்பிக்கிறவங்க அடிக்கடி கேட்கிற கேள்விகள்

ட்ராமா சென்டர்னா என்ன, டாக்டர் ஆகறதுக்கு ட்ரெய்னிங் கேமா?

இல்லவே இல்ல. பெர்சோனா கேம்கள் பண்ற அதே ஜப்பான் கம்பெனி அட்லஸ், 2005ல இருந்து 2010 வரைக்கும் விட்ட ஆபரேஷன் கேம் வரிசை இது. ஸ்க்ரீன்ல ஒரு உடம்பு, அதுல வெட்டுக்காயம், கட்டி, கண்ணாடித்துண்டு, ரத்தம் தேங்கின இடம்னு ஏதாவது இருக்கும், அதுக்கேத்த கருவிய எடுத்து ஒவ்வொண்ணா சரி பண்ணணும். ஒரு பக்கம் டைமர் ஓடும், இன்னொரு பக்கம் நோயாளியோட வைட்டல்ஸ், அதாவது உயிர் எவ்வளவு மிச்சம்னு காட்டற எண், இறங்கிட்டே இருக்கும், ரெண்டுல எது பூஜ்யம் ஆனாலும் ஆட்டம் காலி. நடுநடுவுல டாக்டரும் நர்ஸும் பேசற கதைக் காட்சிகள் விஷுவல் நாவல் மாதிரி வரும். மேல பார்த்தா மெடிக்கல் கேம், உள்ள முழுக்க ஆக்‌ஷன், பெரிய எதிரியோட மோதற பாஸ் ஃபைட் கூட உண்டு. அமைதியான சிமுலேட்டர்னு நம்பி வாங்கினவங்கதான் பாதியில கடுப்பாகி விட்டுட்டுப் போறது, அதனால இத முதல்லயே சொல்லிடறேன்.

மொத்தம் எத்தன கேம் இருக்கு?

அஞ்சு. 2005ல நின்டெண்டோ டிஎஸ்ங்கற கையடக்க டச் ஸ்க்ரீன் மெஷின்ல வந்த அண்டர் த நைஃப் தான் முதல். 2006 நவம்பர்ல நின்டெண்டோவோட டிவில மாட்டற வீ கன்சோல் அமெரிக்காவுல ரிலீஸ் ஆனப்போ கூடவே வந்தது செகண்ட் ஒப்பீனியன், இது முதல் கேமையே வீக்கு ஏத்த மாதிரி திரும்பப் பண்ணி கொஞ்சம் புதுக் கதையும் சேர்த்தது. 2007ல வீயில நியூ ப்ளட், இதுல டாக்டருங்களே வேற ஆளுங்க. 2008ல திரும்ப டிஎஸ்ல அண்டர் த நைஃப் 2, முதல் கேமோட நேரடித் தொடர்ச்சி. 2010ல வீயில ட்ராமா டீம். அதோட சரி, அதுக்கப்புறம் புதுசா ஒண்ணும் வரல.

எதுல இருந்து ஆரம்பிக்கறது?

வீ கன்ட்ரோலர் கைக்குப் பழகிடும்னா செகண்ட் ஒப்பீனியன், யோசிக்கவே வேணாம். கதை முதல் கேமோட கதைதான், ஆனா ஈஸி, நார்மல், ஹார்டுனு மூணு லெவல் இருக்கு, ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் தனித்தனியா மாத்திக்கலாம். டிஎஸ்ல இருக்கிற முதல் கேம்ல அந்த வசதியெல்லாம் கிடையாது, ஒரே கஷ்டம்தான், அதுவும் கொஞ்ச நஞ்சக் கஷ்டம் இல்ல. வீயோட ரிமோட், இடது கை நுன்சக் ரெண்டும் ஒத்து வராது, பேனா மாதிரி ஸ்டைலஸ் பிடிச்சாதான் சுகம்னா டிஎஸ்ல ரெண்டாவது கேம் எடுங்க, அதுலயும் லெவல் மாத்தற வசதி இருக்கு, ஆனா முதல் கேம்ல நடந்தது உங்களுக்குத் தெரியும்னு நினைச்சுட்டுதான் கதை ஓடும்.

ஆக்‌ஷன் பிரச்சனை இல்ல, நல்ல கதை வேணும், விதவிதமா விளையாடணும்னு கேட்டா நேரா ட்ராமா டீம். அஞ்சுல என்னோட ஃபேவரிட்டும் அதுதான், காரணம் கீழ தனியா இருக்கு.

கதை என்ன? ஸ்பாய்லர் இல்லாம சொல்லுங்க.

டெரெக் ஸ்டைல்ஸ்னு ஒரு இளம் சர்ஜன், கூட ஆஞ்சினு ஒரு நர்ஸ், ரெண்டு பேருக்கும் ஆரம்பத்துல ஆகவே ஆகாது. 2018ல நடக்கிற கதை, 2005ல அது தூரத்து எதிர்காலம். எய்ட்ஸ், கேன்சர் எல்லாம் ஜெயிச்சாச்சுன்னு உலகம் நிம்மதியா இருக்கிற நேரத்துல கில்ட்னு மனுஷன் செஞ்ச ஒட்டுண்ணி நோய் பரவுது. மருத்துவத்தால சாவைத் தள்ளிப் போடறது இயற்கைக்கு விரோதம்னு நம்பற டெல்ஃபிங்கற தீவிரவாத கும்பல்தான் அதப் பரப்புது. எதிர்ப்பக்கம் கடூசியஸ்னு ஒரு மருத்துவ அமைப்பு, டெரெக் அங்க போய்ச் சேருறான். ஜப்பான் பதிப்புல கதை ஜப்பான்லயே நடக்கும், ஹீரோ பேர் ட்சுகிமோரி கோசுகே, அமெரிக்காவுக்குக் கொண்டு வரும்போது ஊரையும் ஆளையும் மாத்திட்டாங்க.

வசனம் சில இடத்துல ஓவர் டிராமாதான். சர்ஜன் கையை மேல தூக்கி சபதம் எடுக்கற ரேஞ்சுக்குப் போகும். அத ரசிக்கத் தெரிஞ்சா கேமும் பிடிச்சிடும்.

கில்ட்னு சொன்னீங்களே, அது என்ன, ஏன் எல்லாரும் ட்ரிட்டின்னு சொன்னாலே பல்லைக் கடிக்கிறாங்க?

கில்ட்ல ஏழு வகை, கிரேக்க மொழியில வாரத்தோட ஏழு கிழமைப் பேரையே வெச்சிருக்காங்க: கிரியாகி, டெஃப்டெரா, ட்ரிட்டி, டெட்டார்ட்டி, பெம்ப்டி, பரஸ்கெவி, சவாட்டோ. ஒவ்வொண்ணும் ஒரு பாஸ், ஒவ்வொண்ணுக்கும் வேற மாதிரி மண்டைய உடைச்சுக்கணும்.

கிரியாகி உறுப்புக்குள்ள ஒளிஞ்சுட்டு உள்ளேர்ந்து கிழிச்சுட்டே போகும். அல்ட்ராசவுண்ட் வெச்சா நிழல் தெரியும், அந்த இடத்துல கீறினா வெளிய வரும், வந்த உடனே லேசர். இது நடக்கும்போதே அது போட்ட கிழிசல் எல்லாத்தையும் தைக்கணும். டெட்டார்ட்டிக்கு நிறத்தைப் பார்த்து அதுக்கேத்த மருந்தை ஊசியில ஏத்தணும். பரஸ்கெவி புழு மாதிரி, வெட்டினா வெட்டின துண்டும் தனியா நகரும், இதயத்துக்குள்ள புகுந்துட்டா அவ்வளவுதான், வைட்டல்ஸ் எவ்வளவு இருந்தாலும் பிரயோஜனம் இல்ல.

ட்ரிட்டி விஷயம் வேற. உறுப்பு மேல முக்கோண முக்கோணமா சவ்வு படர்ந்திருக்கும், முனைல முள் குத்தி நிக்கும், முள்ளைப் பிடுங்கினா சவ்வு விடும், ஆனா வரிசை தப்பா எடுத்தா நீங்க சுத்தம் பண்ணின இடத்துக்கே திரும்பப் பரவும். இதுவரைக்கும் கை வேகத்தை வெச்சு ஓட்டிட்டு வந்தவங்க இங்கதான் முட்டிக்கிட்டு நிப்பாங்க, ஏன்னா இது வேகம் இல்ல, புதிர். உடனே எதையும் தொடாதீங்க, ஒரு ஓரத்துல ஆரம்பிச்சு அந்த ஓரத்தை முழுசா முடிச்சுட்டுதான் அடுத்த பக்கம், நாலா பக்கமும் கை வெச்சா விடியவே விடியாது.

ஹீலிங் டச் எப்ப யூஸ் பண்றது?

டெரெக் கிட்ட இருக்கிற விசேஷ சக்தி அது, ஸ்க்ரீன்ல அஞ்சு முனை நட்சத்திரம் வரைஞ்சா நேரம் மெதுவா ஓடும். ஒரு ஆபரேஷனுக்கு ஒரு தடவைதான். அதனால எல்லாரும் கடைசி வரைக்கும் பொத்திப் பொத்தி வெச்சுட்டு, வைட்டல்ஸ் 5ல நிக்கும்போது பதட்டத்துல நட்சத்திரத்தைக் கோணலா வரைஞ்சு, அது ஏத்துக்காம, நோயாளி போய்டுவாரு. வைட்டல்ஸ் இறங்கினதுக்கு இது மருந்தே இல்ல, வேலை குவியும்போதுதான் இது உதவும், அதாவது பாஸ் ஒரேயடியா பத்து காயம் போட்டா அந்த நிமிஷமே வரைஞ்சிடணும்.

நியூ ப்ளட்ல ரெண்டு டாக்டர், மார்கஸ், வலெரி. மார்கஸோடது நேரத்தை மெதுவாக்கும், வலெரியோடது வைட்டல்ஸ் இறங்காமப் பிடிச்சு வெக்கும். நடுங்கற கை இருக்கிறவங்களுக்கு வலெரி தான்.

முதல்ல எதைச் செய்யணும்னே புரியல, கை ஓடல, நோயாளி செத்துட்டே இருக்காரு. என்ன பண்ண?

எல்லாருக்கும் வர்ற பிரச்சனை இதுதான், கேமோட மொத்த விஷயமும் இதுலதான் இருக்கு. கருவி பிடிக்கிறது ஒரு மணி நேரத்துல வந்துடும், தையல்னா காயத்து மேல இழுத்து இழுத்து வளைவு, லேசர்னா ரொம்ப நேரம் ஒரே இடத்துல வெக்காம இருக்கிறது, இதெல்லாம் சின்ன விஷயம். எதை முதல்ல, எதை அப்புறம்ங்கறதுதான் கஷ்டம்.

வைட்டல்ஸ் அதிகபட்சம் 99 வரைக்கும் போகும். திறந்திருக்கிற ஒவ்வொரு காயமும் அதைக் கொஞ்சம் கொஞ்சமா கரைக்கும், பெரிய கிழிசல் வேகமா கரைக்கும். பச்சை மருந்து ஊசி போட்டா ஏறும், ஆனா ஊசி போடற நேரத்துல நீங்க வேற எதையும் செய்ய முடியாது. ஸோ கணக்கு இப்படி: வைட்டல்ஸ் பாதிக்கு மேல இருக்கும்போது ஊசியத் தொடவே வேணாம், இறங்கறதுக்குக் காரணமான பெரிய கிழிசலை அடைங்க. இறங்கற வேகம் நின்னதுக்கு அப்புறம் ஊசி போட்டா போட்டது நிக்கும், ஓட்டைய அடைக்காம போட்டா போட்ட வேகத்துலயே திரும்ப இறங்கும். 30க்குக் கீழ போய்ட்டா மட்டும் கணக்கெல்லாம் விட்டுட்டு ஊசி.

சின்னக் கீறல் தைக்கவே வேணாம், ஆன்டிபயாடிக் ஜெல் தடவினாலே போய்டும், ரெண்டு மூணு கீறல் பக்கத்துல பக்கத்துல இருந்தா ஒரே இழுப்புல முடிச்சிடலாம். கட்டி மாதிரி அவசரம் இல்லாதது இருக்கும்போதே ரத்தம் தேங்கி மறைக்குதுன்னா முதல்ல குழாய் வெச்சு உறிஞ்சுங்க, பார்க்க முடியாததை வெட்டினா மிஸ்னு வரும், மிஸ் ஒவ்வொண்ணும் வைட்டல்ஸ்ல கை வெக்கும். கண்ணாடித்துண்டை ஃபோர்செப்ஸ்ங்கற கிடுக்கியில எடுக்கும்போது அது குத்தியிருக்கிற திசையிலயே நேரா இழுக்கணும், அவசரத்துல குறுக்கால இழுத்தா புதுசா ஒரு காயம், அதுக்கு ஒரு தையல்.

அப்புறம் மறக்கவே கூடாதது ஒண்ணு, ஆரம்பத்துல ஜெல் தடவிட்டுதான் புள்ளிக்கோட்டு மேல கீறணும், கடைசில தைச்சு, ஜெல் தடவி, பேண்டேஜ் ஒட்டினாதான் முடியும். பாஸை அடிச்சாச்சுன்னு கையைக் கீழ வெச்சுட்டு, 10 செகண்ட்ல பேண்டேஜ் ஒட்டாம டைம் அவுட் ஆனவங்க எத்தனையோ பேர்.

ஆஞ்சி சொல்றதை ஸ்கிப் பண்ணாதீங்க, பாதி ஆபரேஷன்ல வழி அவ வாயிலதான் இருக்கும்.

அஞ்சு நோயாளி லெவல் முடியவே மாட்டேங்குது, ஏதாவது ட்ரிக் இருக்கா?

முதல் கேம்ல கிரியாகி பிடிச்ச அஞ்சு பேரை வரிசையா ஒரே டைமர்ல காப்பாத்தற லெவல், எல்லாரும் திட்டற லெவல். ட்ரிக்னு ஒண்ணும் கிடையாது, பழக்கம்தான். ஒரு விஷயம் மட்டும், ஒவ்வொரு ஆளையும் வைட்டல்ஸ் 99க்கு ஏத்தி அழகா முடிக்கணும்னு நினைக்காதீங்க, உயிரோட மூடினா போதும், அடுத்த ஆள் புது வைட்டல்ஸோட வருவாரு, மிச்சம் பிடிக்க வேண்டியது டைம்தான். இதே கேம்ல ஒரு பாம் செயலிழக்க வெக்கற ஆபரேஷனும் இருக்கு, ஆமா, சர்ஜன் பாம் கழட்டறான், கேள்வி கேக்காதீங்க.

ரேங்க் எப்படிக் கணக்குப் போடறாங்க?

ஒவ்வொரு செயலுக்கும் கூல், குட், பேட்னு மதிப்பு, விடாம நல்லா பண்ணினா செயின், அதோட மிச்ச டைம், ஆபரேஷனுக்கு ஏத்த மாதிரி சில ஸ்பெஷல் போனஸ். சி, பி, ஏ, எஸ்னு ரேங்க், வீ கேம்கள்ல அதுக்கும் மேல எக்ஸ்எஸ். முதல் தடவை சி வந்தா வெக்கமே வேணாம். கதை முடிச்சவங்களுக்கு எக்ஸ்னு தனி ஆபரேஷன்கள் திறக்கும், அதே கில்ட், பல மடங்கு வெறியோட. அது ரசிகர்களுக்கு மட்டும், எனக்கு இல்ல.

டிஎஸ் நல்லதா, வீ நல்லதா?

துல்லியத்துக்கு டிஎஸ். தொடற இடத்துலதான் வெட்டு விழும், ஆனா கருவி எல்லாம் ஓரத்துல சின்ன ஐகானா இருக்கும், ஒவ்வொரு தடவையும் ஸ்டைலஸ அங்க கொண்டு போய்த் தட்டிட்டு வரணும். வீயில இடது கை நுன்சக் ஸ்டிக்க ஒரு திசையில சாய்ச்சா கருவி மாறும், வலது கை நோயாளி மேலேயே இருக்கும், அது பழகினப்புறம் திரும்ப டிஎஸ்க்குப் போனா எரிச்சலா இருக்கும். ஃபோர்செப்ஸ்க்கு ஏ, பி பட்டன் ரெண்டையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கணும், நிஜமாவே கிடுக்கி பிடிச்ச ஃபீல். நெஞ்சுல ஷாக் கொடுக்கறதுக்கு ரெண்டு கையையும் முன்னால தள்ளணும், அந்த ஒரு இடத்துக்காகவே வீ பதிப்பை ஆடலாம்.

ட்ராமா டீம் அவ்வளவு நல்லதா, கில்ட் இல்லன்னு சொல்றாங்களே?

கில்ட் இல்ல, ஹீலிங் டச்சும் இல்ல, போனது நல்லதுக்குத்தான். ஆறு டாக்டர், ஆறு விதமான வேலை. சர்ஜரி பண்றவன் பேரே இல்லாத கைதி, சிஆர் எஸ்01, 250 வருஷ தண்டனை, ஆபரேஷன் பண்ணப் பண்ண தண்டனை குறையும். மரியா டோரஸ் விபத்து நடந்த இடத்துக்கே ஓடறவ, ஒரே நேரத்துல பல பேர் அடிபட்டுக் கிடப்பாங்க, யாரு முதல்லன்னு நீங்க முடிவு பண்ணணும். ஹேங்க் எலும்பு டாக்டர், நேரம் கிடைச்சா சூப்பர்ஹீரோ வேஷம் கட்டற ஆளு. டோமோயே எண்டோஸ்கோப்பி, கன்ட்ரோலரையே குழாய் மாதிரி முன்னால தள்ளித் தள்ளி உள்ள போகணும். கேப்ரியல் கன்னிங்ஹாம் நோய் கண்டுபிடிக்கிறவர், ரோனிங்கற ஏஐ கூட சண்டை போட்டுட்டே ஸ்கேன் படத்துல வித்தியாசம் தேடணும். நவோமி தடயவியல், செத்தவங்க எப்படிச் செத்தாங்கன்னு ஆதாரம் சேர்த்து சேர்த்து கண்டுபிடிக்கணும்.

கேப்ரியல், நவோமி பகுதியில டைமரே கிடையாது. இத்தனை வருஷம் அடிச்சுப் பிடிச்சு ஓடின வரிசை, கடைசில கொஞ்சம் உட்கார்ந்து யோசிக்க விட்டுச்சு, அதான் எனக்குப் பிடிச்சது. நவோமி செகண்ட் ஒப்பீனியன்ல நோசோமி வீவர்ங்கற பேர்ல சர்ஜனா வந்த அதே ஆளு, அங்கேர்ந்து இங்க வரைக்கும் அவ கதையத் தொடர்ந்து பார்த்தா கனமா இருக்கும். ஆறு பேரோட கதையும் எந்த வரிசையில வேணா ஆடலாம், எல்லாம் ரோசாலியாங்கற ஒரே வைரஸ்ல போய்ச் சேரும், அதுக்கு மேல சொல்ல மாட்டேன். குறைனு பார்த்தா எண்டோஸ்கோப்பிதான், கை வலி.

ரெண்டு பேரு சேர்ந்து ஆடலாமா?

நியூ ப்ளட்லயும் ட்ராமா டீம்லயும் ஆடலாம். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே யாரு ஊசி, யாரு தையல்னு பிரிச்சுக்குங்க, இல்லன்னா ரெண்டு பேரும் ஒரே காயத்துக்குப் பாய்ஞ்சு அந்தப் பக்கம் நோயாளி போய்டுவாரு.

நிஜ ஆபரேஷன் இப்படித்தான் இருக்குமா?

ஜெல் தடவினா காயம் மறையறது எங்கயும் கிடையாது. அஞ்சு நிமிஷ டைமர் கிடையாது, மணிக்கணக்குல போற ஆபரேஷன் உண்டு. பெரிய பொய் எதுன்னா ஒத்த ஆளு எல்லாத்தையும் பண்றது. நிஜத்துல வைட்டல்ஸ் பார்த்து மருந்து ஏத்தறது மயக்க மருந்து டாக்டரோட வேலை, சர்ஜன் ஊசிய எடுக்க ஓட மாட்டார். கருவிய நர்ஸ் கையில எடுத்துக் கொடுப்பாங்க, மூடறதுக்கு முன்னாடி பஞ்சு, ஊசி, கருவி எல்லாம் எண்ணி சரி பார்ப்பாங்க. உலக சுகாதார நிறுவனம் 2008ல கொண்டு வந்த பாதுகாப்புப் பட்டியல்ல 19 விஷயம் இருக்கு, மயக்கம் கொடுக்கறதுக்கு முன்னாடி, கீறறதுக்கு முன்னாடி, நோயாளி தியேட்டரை விட்டுப் போறதுக்கு முன்னாடினு மூணு இடத்துல நிறுத்தி, சரியான ஆளா, சரியான பக்கமானு சத்தமா கேட்டு உறுதி பண்ணணும். கேம்ல ஓடினா ஜெயிப்பீங்க, அங்க நின்னு கேட்டாதான் ஜெயிப்பாங்க.

ஒண்ணு மட்டும் நிஜத்துக்கு கொஞ்சம் பக்கத்துல வருது, மரியாவோட பகுதி. யாரால காத்திருக்க முடியும், யாரால முடியாதுனு தரம் பிரிக்கிறது நிஜ அவசர சிகிச்சைலயும் முதல் வேலைதான்.

கேம் ஆடினா சர்ஜன் கை வேகமாகுமா, ஏதோ ஆராய்ச்சி இருக்குனு கேள்விப்பட்டேன்?

இருக்கு, ஆனா இந்த கேம வெச்சுப் பண்ணினது இல்ல. 2007ல ஆர்கைவ்ஸ் ஆஃப் சர்ஜரில வந்தது, 33 டாக்டர்கள வெச்சு. வாரத்துக்கு மூணு மணி நேரத்துக்கு மேல வீடியோ கேம் ஆடிப் பழகினவங்க லேப்ராஸ்கோப்பி, அதாவது சின்னத் துளை வழியா பண்ற ஆபரேஷன், பயிற்சியில 37 சதவீதம் கம்மியா தப்பு பண்ணாங்க, 27 சதவீதம் வேகமா முடிச்சாங்க. அதுல ஆட வெச்ச கேம்ல ஒண்ணு சூப்பர் மங்கி பால், குரங்கை உருண்டைக்குள்ள போட்டு உருட்டற கேம்! லேப்ராஸ்கோப்பினா டாக்டரும் டிவி ஸ்க்ரீனப் பார்த்துதான் கையை அசைப்பாரு, அதனால பொருத்தம் இருக்கு. ஆனா 33 பேர் ரொம்ப சின்னக் கூட்டம், ஏற்கனவே கை நல்லா இருக்கிறவங்களே கேமும் ஆடியிருக்கலாம், இத வெச்சு வீட்டுல பர்மிஷன் வாங்கப் பார்க்காதீங்க.

சர்ஜன் சிமுலேட்டரும் இதுவும் ஒண்ணா?

சம்பந்தமே இல்ல. அது பாஸா ஸ்டுடியோஸ் 2013ல விட்டது, கேம் ஜாம்ங்கற அவசரமா கேம் பண்ற நிகழ்ச்சியில 48 மணி நேரத்துல பிறந்த ஐடியா, ஒவ்வொரு விரலுக்கும் ஒரு பட்டன், எதையும் ஒழுங்காப் பிடிக்க முடியாது, சுத்தியலால விலா எலும்ப உடைக்கிற காமெடி. இங்க கை உங்க பேச்சைக் கேக்கும், நேரம்தான் கேக்காது. இந்த வகையோட தாத்தாவப் பார்க்கணும்னா 1988ல கம்ப்யூட்டர்ல வந்த லைஃப் அண்ட் டெத், குடல்வால் ஆபரேஷன், மயக்க மருந்து மறந்தா நோயாளி கத்துவாரு.

ரத்தம் பார்த்தா தலை சுத்தும், ஆடலாமா?

தாராளமா. உறுப்பெல்லாம் மழமழன்னு பொம்மை மாதிரிதான் இருக்கும். அமெரிக்காவுல டீன் ரேட்டிங். ட்ராமா டீம்ல நவோமி பகுதியில பிணம், கொலை எல்லாம் வரும், சின்னப் பசங்களுக்கு அது வேணாம்.

இப்ப எதுல ஆடறது?

பழைய மெஷின்தான். டிஎஸ் கார்ட்ரிட்ஜ் 3டிஎஸ்லயும் ஓடும், அதுக்கு நாட்டுப் பூட்டு கிடையாது, எங்க வாங்கினாலும் எதுலயும் ஓடும். வீ டிஸ்க் வீ யூலயும் ஓடும், ஆனா பூட்டு உண்டு, அமெரிக்க டிஸ்க் அமெரிக்க மெஷின்லதான், வாங்கறதுக்கு முன்னாடி கண்டிப்பா பார்த்துக்குங்க. ட்ராமா டீமும் அண்டர் த நைஃப் 2வும் ஐரோப்பாவுல வரவே இல்ல, அதனால அந்தப் பக்கத்து வீ வெச்சிருக்கறவங்களுக்கு ட்ராமா டீம் அப்படியே ஓடாது. டிஎஸ் வாங்கினா கீழ் ஸ்க்ரீன்ல கீறல் இருக்கான்னு முதல்ல பாருங்க, தையல் போடற கேம்ல டச் ஒரு மில்லிமீட்டர் விலகினா கூட எல்லாமே மிஸ்.